அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

இந்தப் புத்தகத்துக்கு முதுகு வலப்பக்கம்.
மடிக்கிற மெஷினைத் திருப்பிப் பூட்ட அரை நாள்,
என் கைகளைத் திருப்பிப் பழக்க மூன்று நாள்.
மிசிசாகா, டிக்சி வீதி, பதினோராம் யூனிட்.
பக்கத்து யூனிட்டில் சமோசா உறைய வைக்கிறார்கள்.
எங்கள் வேதாகமங்களில் லேசாய்ச் சீரகம் மணக்கும்.

அட்டையில் சிலுவை கூடாது என்றது அனுமதிக் கடிதம்.
மூவாயிரம் பிரதி.
ஒன்று கூடினால் பறிமுதல், ஒன்று குறைந்தால் விளக்கம்.
முதல் பக்கத்தில் ஒரு வரி கட்டாயம்:
தேவாலயச் சுவருக்குள் மட்டும்.
துறைமுகத்தின் பெயரைப் பெட்டிகளில் எழுதினேன்,
இங்கே எழுத மாட்டேன்.

ஷமிரான் ஆறு தரம் வாசித்தாள்.
நினிவேக்காரி, மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக் கண்ணாடி,
ஒரு காற்புள்ளிக்காக முதலாளியை
இரவு பதினொன்றுக்கு எழுப்பியவள்.
நான் வாசிக்கவே இல்லை.
எனக்கு அந்த எழுத்துத் தெரியாது.
வியாழன் கோயிலுக்கும் வெள்ளி விரதத்துக்கும் இடையில்
மணிக்குப் பதினெட்டு டொலருக்குத்
தாள் எண்ணுகிறவள்.

கழிவுத் தாளை வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் கண்டேன்.
ஒப்பமிட்ட தாளில் இல்லாத ஒன்று,
ஒரு எழுத்தின் காலடியில்,
எறும்பின் தலையளவு.
தகட்டில் ஒட்டிய தூசி.

"ஷமிரான், இது உங்கட புள்ளியோ, எங்கட தூசியோ?"

அவள் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்றாள்.
திரும்பப் பார்த்தாள்.
பிறகு கதிரையைத் தேடி உட்கார்ந்தாள்.

புள்ளி இல்லாவிட்டால் ஹுப். அன்பு.
புள்ளி விழுந்தால் ஜுப். குழி.
ஆளைத் தள்ளிவிட்டுப் போகிற பாழ்ங்கிணறு.
ஆறு தரமும் அங்கே அன்பைத்தான் வாசித்தேன் தயா,
அது அங்கே இருக்குமென்று எனக்குத் தெரியுமே.

தெரிந்தவளுக்குத் தெரியவில்லை.

எங்கள் பாஷையில் புள்ளி தலைமேல் விழும் என்றேன்,
விழுந்தால் எழுத்தை விட்டு உயிர் போய்விடும்.
அவள் சிரிக்கவில்லை.
விசுவாசிக்கு முன்னால் சுங்க அதிகாரி வாசிப்பான் என்றாள்.
அவன் நல்லாய்ப் படித்தவன்.

மூவாயிரமும் தைத்து முடிந்திருந்தது.
வெள்ளிக்கிழமை மொன்றியலில் கப்பல்.
முதலாளி கணக்குப் போட்டார், கிழித்தார், திரும்பப் போட்டார்.
பிறகு பிளேட் வாங்கி வந்தார்.

நாலு பேர், மூன்று இரவு.
வெங்காயச் சருகு மாதிரித் தாள்.
மூச்சைப் பிடித்துச் சுரண்ட வேண்டும்,
மூச்சை விட்டால் பக்கம் பறக்கும்.
எழுபதாவது பிரதியில் கை பழகியது,
இருநூறாவதில் கண் மறுத்தது.
சமோசாக்காரன் தட்டில் கொஞ்சம் கொண்டுவந்தான்,
எண்ணெய்க் கையென்று ஷமிரான் அவனை வாசலிலேயே நிறுத்தினாள்.
நான்காயிருந்தவர்களில் ஒருவன் ரமிந்தர், லொறி ஓட்டி,
எதைச் சுரண்டுகிறோமென்று கடைசி வரை கேட்கவில்லை.

நாற்பத்தொன்று கிழிந்தது.
எனது பதினேழு.
ஒன்றில் துளையே விழுந்தது,
அதற்குள்ளால் அடுத்த பக்கத்து எழுத்தொன்று
எட்டிப் பார்த்தது.

இரண்டாயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்பது என்று
பெட்டிகளில் எழுதி, விளக்கக் கடிதம் இணைத்து அனுப்பினோம்.
நகத்துக்குள் கருப்பு ஒரு வாரம் இருந்தது.
கோயிலில் திருநீறு வாங்கக் கையை நீட்டவே கூச்சம்.

பங்குனியில் செய்தி வந்தது.
குறைந்த நாற்பத்தொன்றைப் பற்றி அவன் கேட்கவே இல்லையாம்.
எல்லாப் பிரதியிலும் ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில்
தாள் மெலிந்திருக்கிறது,
இங்கே எந்தச் சொல்லை அழித்தீர்கள் என்கிறானாம்.

ஒரு புள்ளி என்று ஷமிரான் பதில் எழுதினாள்.
நம்பவில்லை.

பெட்டிகள் இன்னும் துறைமுகத்தில்தான்.
ஒவ்வொன்றாய்த் திறந்து
அறுநூற்றுப் பன்னிரண்டை விளக்கில் பிடிக்கிறானாம்,
அந்த ஒரு சொல்லை வாசித்து
ஓரமாய் வைக்கிறானாம்.
நேற்று வரை எண்ணூற்றிருபது.
நான் சுரண்டாமல் விட்டது ஏதும் இருந்தால்
அவன்தான் கண்டுபிடிப்பான்.